மேலே மல்லிகைத் தோட்டம்... கீழே ஒழுகும் கூரை! மொட்டை மாடியில் தொட்டி வைக்கும் முன் கணக்குப் பாருங்கள்

சென்னை,

வாசலில் திண்ணை, கொல்லையில் கிணறு, துளசி மாடம், ஒரு முருங்கை மரம். அந்தச் சென்னை வேறு. இன்றைக்கு நகரத்தில் காலை நீட்டி உட்கார மிச்சம் இருப்பது மொட்டை மாடி ஒன்றுதான்.

அதையும் ஜனங்கள் விடவில்லை. பத்து தொட்டியில் ரோஜா, மல்லிகை, நாலு பையில் தக்காளி, கத்தரி. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தலைக்கு மேலே பச்சை வலை. ஆபீஸ் விட்டு வந்தவர் காபி டம்ளரோடு அங்கே உட்கார்ந்தால் பாதி களைப்பு பறந்து போகும். தப்பே இல்லை.

ஆனால் ஒன்றை மறந்து விடுகிறார்கள். மேலே உட்காருகிறவருக்கு அது தரை. கீழே தூங்குகிறவருக்கு அதுதான் கூரை!

14 கிலோதான்!

"நாலு தொட்டிதானே சார், என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள்.

ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. அதாவது சதுர அடிக்கு சுமார் 14 கிலோ. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண் இருந்தால் எடை 45 கிலோவுக்குக் குறையாது. மூன்று மடங்கு!

நாலு தொட்டி தள்ளித் தள்ளி இருந்தால் பயமில்லை. கீரை போடலாம் என்று செங்கல் பாத்தி கட்டி, நடு மாடியில் மண்ணைக் கொட்டும்போதுதான் வம்பு. செம்மண்ணைக் குறைத்து, தென்னை நார்க் கழிவும் தொழு உரமும் கலந்தால் எடை குறையும். கனமான தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே வைக்க வேண்டும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய "மெட்ராஸ் டெரஸ்" வீட்டுக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தளம் அது. ஈரம் தங்கினால் கட்டை உளுத்துப் போகும். என்ஜினீயர் வந்து பார்க்காமல் அங்கே தோட்டமே வேண்டாம்.

கம்பியைத் தின்னும் துரு

தொட்டியை நேராகத் தரையில் வைத்தால் அடியில் ஈரம் காயாது. தட்டோட்டின் இடுக்கில் வேர் இறங்கும். தண்ணீர் கான்கிரீட் கம்பி வரை போனால் துருப்பிடித்துக் கம்பி பருக்கும், காரையைப் பிளக்கும். ஒருநாள் ராத்திரி கீழ் வீட்டுக் கட்டில் மேல் பூச்சு பெயர்ந்து விழும். அப்புறம் சண்டைதான்!

முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, பிறகு தொட்டி. அதுவும் செங்கல் மேலோ, இரும்பு ஸ்டாண்டு மேலோ.

மழை வந்தால்?

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. அப்படி ஒரு நாளில் காய்ந்த இலை போய் வடிகுழாயை அடைத்துக் கொண்டால்? 600 சதுர அடி மாடியில் 4 அங்குலம் தண்ணீர் நின்றாலே எடை 5½ டன்னைத் தாண்டும். குழாய் வாயில் வலை கட்டுங்கள். வாரம் ஒருமுறை இலையை அள்ளுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும்.

நாற்காலி எங்கே?

எல்லாவற்றையும் விட முக்கியம் இது. கைப்பிடிச் சுவர் குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஆனால் சுவரை ஒட்டி ஒன்றரை அடி நாற்காலியைப் போட்டு அதில் குழந்தை ஏறி நின்றால், மிச்சம் இருக்கும் சுவர் 2 அடிகூட இல்லை! நாற்காலி, பெஞ்சு, கவிழ்த்த தொட்டி எதுவும் சுவரோரம் வேண்டாம்.

சுவர் மேல் பூந்தொட்டியும் கூடாது. 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் வேரோடு சாய்த்த மரங்களை நகரம் மறக்கவில்லை. மரத்தையே சாய்க்கும் காற்றுக்கு மண்தொட்டி எம்மாத்திரம்? விழுவது தெருவில் போகிறவர் தலையில்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்கள். சுவரோர நாற்காலியை நடுவே இழுத்துப் போடுங்கள். வடிகுழாயைப் பாருங்கள். தட்டைக் கவிழுங்கள்.

பத்து நிமிஷ வேலை. அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து காபி குடிக்கலாம். கீழே இருப்பவரும் நிம்மதியாகத் தூங்குவார்.