நீங்கள் துப்பினால் சித்தப்பா மாட்டுவார்... தெரியுமா?

ஒரு சின்னக் குழாய். அதில் கொஞ்சம் எச்சில். மூடித் தபாலில் அனுப்பினால் போதும். உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள், எந்த நோய் உங்களை எட்டிப் பார்க்கக்கூடும் என்று சில வாரங்களில் செல்போனுக்கே ரிப்போர்ட் வந்துவிடும்! அமெரிக்காவில் இதைப் பண்டிகைப் பரிசாகவே கொடுக்கிறார்கள். நம் ஊரிலும் ஆன்லைனில் ஆர்டர் போடலாம். சரி, அந்த எச்சில் உங்கள் கதையை மட்டும்தான் சொல்லுமா? சொன்னதெல்லாம் உண்மைதானா? யார் யாரிடம் சொல்லும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாய்க்கு பாக்ஸிங் வரும்!

2018-ல் சிகாகோ தொலைக்காட்சி ஒன்று குறும்பு செய்தது. வீட்டிலிருந்தே செய்துகொள்ளும் மரபணுப் பரிசோதனை நிறுவனங்கள் சிலவற்றுக்கு ஒரு லாப்ரடார் நாயின் மாதிரியை அனுப்பிவைத்தது. மற்ற நிறுவனங்கள் "இதைப் படிக்க முடியவில்லை" என்று ஒதுங்கிக்கொள்ள, ஒன்று மட்டும் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் கொடுத்தது. நீண்டதூர சைக்கிள் ஓட்டத்துக்கு ஏற்ற இதயமாம். பாக்ஸிங்குக்கும் கூடைப்பந்துக்கும் தோதான உடல்வாகாம்! வந்தது நாய் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

சிரித்துவிட்டு இதையும் படியுங்கள். இத்தகைய நிறுவனங்கள் தந்த கச்சாத் தரவை நம்பிப் பதறியவர்கள் 49 பேரின் மாதிரிகளை ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வகம் அதே 2018-ல் மறுபடி சோதித்தது. அந்தத் தரவில் "இருக்கிறது" என்று காட்டிய மரபணு மாற்றங்களில் 40 சதவீதம் இல்லவே இல்லை!

பெற்ற தாயே தாய் இல்லை என்றது டெஸ்ட்!

2002-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் இளம்பெண் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். குழந்தைகளின் அப்பா யார் என்று உறுதிசெய்ய டிஎன்ஏ டெஸ்ட் கேட்டார்கள். அப்பா பொருந்திவிட்டார், அம்மா பொருந்தவில்லை! "யார் பிள்ளைகளைக் காட்டிப் பணம் கேட்கிறாய்?" என்று வழக்கே வந்துவிட்டது. அப்போது அவர் மறுபடி கர்ப்பம். பிரசவ அறையில் சாட்சியை நிற்கவைத்து, குழந்தை பிறந்த கையோடு இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அதுவும் பொருந்தவில்லை! கண்முன்னே பெற்ற பிள்ளை!

கடைசியில் விடை கிடைத்தது. அந்தப் பெண் கருவில் உருவானபோது இரட்டைக் கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே உடலாகிவிட்டன. ரத்தத்தில் ஒரு டிஎன்ஏ, கருப்பையின் வாய்ப்பகுதியில் இன்னொரு டிஎன்ஏ. 'கைமெரா' என்பார்கள். டிஎன்ஏ பொய் சொல்லாது என்பார்கள்; எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் கேட்டால்தான் அது உண்மை.

டெஸ்ட் எடுக்காதவரும் மாட்டுவார்!

1974 முதல் 1986 வரை கலிபோர்னியாவை நடுங்கவைத்தவன் ஒருவன். 13 கொலைகள், சுமார் 50 பாலியல் வன்கொடுமைகள். 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்று பெயர் வைக்க முடிந்ததே தவிர, ஆளைப் பிடிக்க முடியவில்லை. 2018-ல் பிடித்தார்கள். எப்படித் தெரியுமா?

பழைய வழக்கில் பத்திரப்படுத்திய டிஎன்ஏவை, சொந்தபந்தங்களைத் தேடுகிறவர்கள் பயன்படுத்தும் ஜெட்மேட்ச் இணையதளத்தில் ஏற்றினார்கள். அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள் அதில் இருந்தார்கள்! வம்சாவளி ஆய்வாளர் பார்பரா ரே வென்டரின் உதவியோடு, எள்ளுத்தாத்தா காலத்திலிருந்து கிளை கிளையாகக் கீழிறங்கி வந்தார்கள். வயது பொருந்தாதவர், அந்த ஊரில் வசிக்காதவர் என்று ஒவ்வொருவராகக் கழிக்க, கடைசியில் நின்ற பெயர் ஜோசஃப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ. வயது 72. முன்னாள் போலீஸ்காரர்! அவர் கடைக்குள் போயிருந்த நேரத்தில் கார் கதவின் கைப்பிடியைத் துடைத்து எடுத்தார்கள். வீட்டு வாசல் குப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்தார்கள். பொருந்திவிட்டது. 2020-ல் ஆயுள் தண்டனை.

கொடியவன் சிக்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் டிஆஞ்சலோ எந்தக் குழாயிலும் துப்பவில்லை. துப்பியவர்கள் முகம் தெரியாத உறவினர்கள்! அவர் பிடிபட்ட அதே 2018-ல் மரபணு ஆய்வாளர் யானிவ் எர்லிக் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 13 லட்சம் பேர் உள்ள ஒரு தரவுத்தொகுப்பு இருந்தால், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் 60 சதவீதம் பேருக்கு, ஒரே எள்ளுத்தாத்தா வழிச் சொந்தமோ அதைவிட நெருங்கிய சொந்தமோ அதில் அகப்பட்டுவிடும்!

14,000 கணக்கு உடைந்தது. 69 லட்சம் பேர் சிக்கினர்!

மனிதனின் 23 ஜோடி குரோமோசோம்களைப் பெயரிலேயே வைத்திருக்கும் நிறுவனம் 23அண்ட்மீ. 2023-ல் வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்து ஹேக்கர்கள் இங்கே சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தார்கள். அங்கே 'உங்கள் மரபணு உறவினர்கள்' என்று ஒரு வசதி உண்டு. அந்தக் கதவு வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போய்விட்டன! யூத வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் என்று பட்டியல் பிரித்து இணையத்தில் விலை பேசினார்கள் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் சேதி.

கதை அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. கட்டடம், மேசை, நாற்காலியா அதன் சொத்து? சுமார் 1.5 கோடிப் பேரின் மரபணு விவரம்தான் சொத்து! "உங்கள் தரவை அழிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் மக்களை உஷார்ப்படுத்தினார். ஒரு மருந்து கம்பெனியும் போட்டி போட்டு ஏலம் கேட்டது. கடைசியில் 30.5 கோடி டாலருக்கு அதை எடுத்தது, நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிட்ஸ்கியின் லாபநோக்கற்ற அமைப்பு.

கடற்கரை மணலிலும் நீங்கள் இருக்கிறீர்கள்!

கடலாமைகளுக்கு வரும் நோயை ஆராய, மணலிலும் நீரிலும் ஆமை டிஎன்ஏவைத் தேடினார்கள் ஃப்ளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள். ஆமையோடு மனிதனும் வந்தான்! அனுமதி பெற்று, தன்னார்வலர்களின் காலடித் தடத்திலிருந்து மணலை அள்ளிச் சோதித்தார்கள். நடந்துபோனவரின் மரபணுவில் ஒரு பகுதியையே வாசிக்க முடிந்தது. அறைக்காற்றிலும் மனித டிஎன்ஏ கிடைத்தது! 2023-ல் ஆய்வு வெளிவந்தபோது, இதற்கு விதிமுறை தேவை என்று அவர்களே மணியடித்தார்கள்.

நோபல் மேதையாலும் ஒளிக்க முடியவில்லை!

டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன். 2007-ல் தன் மரபணுத் தொகுதி முழுவதையும் வெளியிடச் சம்மதித்தார், ஒன்றே ஒன்று தவிர. அல்சைமர் மறதிநோயோடு தொடர்புடைய அபோஇ மரபணுவை மட்டும் மறைக்கச் சொன்னார். மறைத்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்தே மறைத்ததை ஊகித்துவிடலாம் என்று வேறு ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். பிறகென்ன, அக்கம்பக்கத்தையும் சேர்த்து நீக்க வேண்டியதாயிற்று!

சர்க்கரை நோய்க்குக் கொடுத்த ரத்தம்!

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் ஹவசுப்பாய் பழங்குடிகள். அவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதை வைத்து மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், "இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்" என்றெல்லாம் ஆராய்ந்தது பின்னால்தான் தெரியவந்தது! இந்தப் பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடம் என்பது அவர்கள் நம்பிக்கை. வழக்குப் போட்டார்கள். 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. ரத்தமும் திரும்பி வந்தது.

"யார் செய்த அசிங்கம்? வாயைத் திற!"

அட்லாண்டா அருகே ஒரு கிடங்கில் யாரோ மலம் கழித்துவைத்துவிட்டுப் போனார்கள். கண்டுபிடிக்க நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? தொழிலாளர்களின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து டிஎன்ஏ டெஸ்ட்! சோதிக்கப்பட்ட இருவரும் குற்றமற்றவர்கள். வழக்குப் போட்டார்கள். 2015-ல் ஜூரி கொடுத்த தீர்ப்பு, சுமார் 22 லட்சம் டாலர்!

அவர்களைக் காத்தது 2008-ல் வந்த 'ஜினா' சட்டம். வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதை அது தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டை அது தொடவே இல்லை என்பது அமெரிக்கர்கள் பலருக்கே தெரியாது!

இந்தியாவில் என்ன நிலை?

மரபுவழி இதயநோய் உள்ள ஒருவருக்கு, "மரபணுக் கோளாறுக்குப் பணம் தர மாட்டோம்" என்று மறுத்தது ஒரு காப்பீட்டு நிறுவனம். 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்று மொத்தமாக ஒதுக்குவது பாகுபாடு என்றது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, அந்த விலக்கைப் பாலிசியில் சேர்க்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

கருவின் குரோமோசோம்களைத் தாயின் ரத்தத்திலேயே பார்க்கும் டெஸ்ட் இப்போது உண்டு. ஆணா, பெண்ணா என்று சொன்னால் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுவுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. டிஎன்ஏ ஒழுங்குமுறை மசோதாவோ அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது!

இன்னும் மூன்று!

பிரான்சில் ஆசைக்காக டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் 3,750 யூரோ அபராதம்! குவைத்தில் 2015-ல் எல்லோரும் டிஎன்ஏ கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. 2017-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது! 2019-ல் பென்டகன் தன் ராணுவத்தினருக்கு அறிவுரை சொன்னது: "இந்த வீட்டு டெஸ்ட் பக்கமே போகாதீர்கள்!"

அதற்காக டெஸ்டே கூடாது என்று அர்த்தமில்லை. குடும்பத்தில் பலருக்கு மார்பகப் புற்றுநோய், தாலசீமியா குறித்த அச்சம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் மரபணு ஆலோசகரைப் பார்த்து, முறையான ஆய்வகத்தில் டெஸ்ட் எடுங்கள், உயிரையே காக்கும். வேடிக்கைக்காக எடுப்பதாக இருந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். மாதிரியை அழிப்பீர்களா, வைத்துக்கொள்வீர்களா? தகவலை யாருக்குக் கொடுப்பீர்கள்? நான் சொன்னால் நீக்குவீர்களா? நாளை கம்பெனி கைமாறினால் என்ன ஆகும்? எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த ஆர்டரை ரத்து செய்யுங்கள். பதில் வந்தாலும், துப்புவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது உங்கள் எச்சில்தான்; விவரம் குடும்பத்துக்கே சொந்தம்!