லயத்துக் காவல் தெய்வங்கள்

பாலித் தீவில் ஒரு வீட்டுக்குச் செல்பவரை முதலில் எதிர்கொள்வோர் வீட்டார் அல்லர். வாயிலின் இருமருங்கும் நிற்கும் கல்லுருவங்களே. உருட்டி விழிக்கும் கண்களும், நீண்ட கோரைப் பற்களும், கையிற் கதையும் உடைய அவ்வுருவங்களின் அரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட துணி சுற்றப்பட்டிருக்கும். பூவும் சோறும் வைத்த சிறு படையல் நாள்தோறும் அவற்றின் முன் இடப்படும். வாயிலைக் கடந்ததும் ஒரு குறுஞ்சுவர் வழியை மறிக்கும். தீயவை நேரே செல்லுமேயன்றி வளைந்து செல்லமாட்டா என்பது அம்மக்களின் நம்பிக்கை. தமிழகத்துக் கோயில்களின் துவாரபாலகரும், அநுராதபுரத்துப் பழங் கட்டடங்களின் படிக்கட்டருகே நிற்கும் காவற்கற்களும் இக்காவலருக்கு உறவினரே.

ஆயினும், வாயிலிற் காவலரை நிறுத்துவதற்கு வாயில் தனக்கு உரியதாக இருத்தல் வேண்டும். அவ்வுரிமை இல்லாத மக்கள் தம் காவலரை எங்கே நிறுத்தினர்? சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள மஸ்கெலியாவின் தேயிலை மலைகள் இக்கேள்விக்கு விடை கூறுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், அதன்பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த அவர்கள், ஊர் எல்லையில் ஐயனாரையும் முனியையும் மாடசாமியையும் வைத்து வணங்கிப் பழகியவர்கள். அங்கே வேளார் சுட்டுத் தந்த மண்குதிரைகள் வரிசையாக நின்றன. இங்கோ அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. அதன் சுவரும் கூரையும் நிலைக்கதவும் தோட்டத்தினுடையவை. வேலை போயின் காம்பராவும் போகும். மாவிலைத் தோரணமும், எலுமிச்சங்காயும் மிளகாயும் கோத்த கயிறும், திருட்டிப் பூசணியுமே அவ்வாயில் தாங்கக்கூடிய காவலாயின. நிலைத்து நிற்க வேண்டிய தெய்வம் வெளியே, மலையிலேயே இடம் தேடிற்று.

அவ்விடம் பெரும்பாலும் ஒரு மரத்தடி. நட்டுவைத்த ஒரு கல், ஒரு சூலம், சிவப்புத் துணி, மஞ்சளும் குங்குமமும். இவ்வளவே முனியாண்டியின் திருவுரு. சிற்பி உளி பிடித்துச் செதுக்கிய முகம் அங்கே இல்லை. முகத்தை வணங்குவோரின் நினைவே தந்தது. சீமெந்தினாற் செய்து வண்ணம் தீட்டிய மீசைக்கார உருவங்கள் பிற்காலத்திற் பல தோட்டங்களில் எழுந்தன.

ஊரிலிருந்து பெயரோடு வந்த தெய்வங்கள் மட்டும் போதவில்லை. ஊர் அறியாத ஆபத்துகள் மலையில் இருந்தன. அவற்றுக்கெனப் புதிய காவலர் தோன்றினர். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தியால் தறித்துவிடுவது கவ்வாத்து. கூரிய கத்தியுடன் சரிவில் நின்று செய்யும் அவ்வேலைக்குக் காவலாகக் கவ்வாத்துச்சாமி வந்தார். தறித்த செடி மீண்டும் துளிர்க்கையில் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கொழுந்துச்சாமி துணையானார். அட்டையும் பாம்பும் குளவிக் கூடும் சிறுத்தையும் உள்ள மலையில் அத்துணை தேவைப்பட்டது.

இவர்களுள் தனிக் கவனத்துக்குரியவர் ரோதைமுனி. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கப் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் நீராலோ எண்ணெயாலோ இயங்கிய ஒரு பெருஞ்சக்கரம் நீண்ட தண்டொன்றைச் சுழற்ற, அதிலிருந்து தோற்பட்டைகள் வழியாக அரைக்கும் பொறிகள் ஓடின. அசந்த ஒரு கணத்தில் வேட்டி முனையோ கையோ பட்டையிற் சிக்கினால் உயிருக்கே மோசம். அச்சக்கரத்தின் அருகே முனி குடியேறினார். சேவலும் சுருட்டும் சாராயமும் படைத்து, மனிதக் குருதியைக் கேளாதிருக்குமாறு அவரை வேண்டினர். இயந்திரத்தை வணங்கினர் என்று இதனை எள்ளுதல் பொருந்தாது. பாதுகாப்புக் கம்பிவேலி இல்லாத இடத்தில், கவனமாக இரு என்று தொழிலாளிக்கு நாள்தோறும் நினைவூட்டியது அந்தக் கல்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென முடிவாயிற்று. குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. மஸ்கெலியாவுக்கோ வேறொரு பிரிவும் நேர்ந்தது. 1969ஆம் ஆண்டில் நிறைவுற்ற மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய நகரை மூடியது. நகரம் மேட்டுக்குப் பெயர்ந்தது. கடும் வறட்சியில் நீர் தாழும்போது பழைய கோயிலின் எச்சங்கள் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று அவற்றைப் பார்க்கின்றனர்.

அண்மைக் காலத்தில் லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் சில தோட்டங்களில் எழுந்துள்ளன. ஆயினும் இன்றும் லயத்திலேயே வாழும் குடும்பங்கள் பல. தனி வீடு பெற்றவர் தம் வாயிலில் யாரை நிறுத்துவர் என்பது அவரவர் விருப்பம். பாலித் தீவின் காவலன் வீட்டைக் காக்கிறான். மஸ்கெலியாவின் காவலனோ வீடில்லாதவரைக் காத்து நின்றவன். செதுக்கப்படாத அந்தக் கல்லுக்கு உரிய பெருமை அதுவே.