கரடி வந்தால் நில்லுங்கள்... மான் வந்தால் ஓடுங்கள்!

அலாஸ்கா காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் கரடிக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால், கரடியிடம் அடிபடுகிறவர்களைவிட மூஸ் மானிடம் மிதிபடுகிறவர்களே அங்கே அதிகம்! தெரியுமா?

கரடி எதிரே வந்தால் ஓடவே கூடாது. மூஸ் துரத்தினாலோ நிற்கவே கூடாது, ஓடிப்போய் ஒரு மரத்துக்குப் பின்னால் பதுங்க வேண்டும். இரண்டுமே அங்குள்ள வனவிலங்குத் துறை தரும் அறிவுரைதான். மாற்றிச் செய்தால் தொலைந்தோம்!

ஆங்கரேஜிலிருந்து நோம் வரை சுமார் 1,600 கி.மீ. பனியில் நாய் வண்டி ஓட்டும் பந்தயம் இடிடராட். 1985 பந்தயத்தில் சூசன் புட்சரின் நாய்க் கூட்டத்துக்குள் ஒரு மூஸ் புகுந்து மிதித்ததில் 2 நாய்கள் செத்தன. பாதியிலேயே விலகினார் சூசன். அந்த வருடம் ஜெயித்தது லிபி ரிடில்ஸ். இடிடராடை வென்ற முதல் பெண்! சூசன் சும்மா இருந்தாரா? 1986, 1987, 1988, 1990... 4 முறை கோப்பை!

கரடியை விரட்ட மிளகாய்க் காரம் கலந்த ஸ்ப்ரே உண்டு. அதைக் கரடியின் முகத்தில்தான் அடிக்க வேண்டும். சிலர் கொசு மருந்து மாதிரி கூடாரத்தைச் சுற்றி அடித்து வைத்தார்கள். காய்ந்த கார வாடையைப் பிடித்துக்கொண்டு கரடிகள் தேடி வந்தன. வந்ததோடு விட்டனவா? அதன்மேல் படுத்துப் புரண்டன!

அடுத்து வருவதுதான் அலாஸ்காக் கதைகளில் என் நம்பர் ஒன்! 1909-இல் ஃபேர்பேங்க்ஸ் மதுக்கடை ஒன்றில் வாய்ச்சவடால். “தெனாலி சிகரமா? நாங்கள் ஏறுவோம்!” என்று கிளம்பினார்கள் தங்கம் தோண்டும் 4 பேர். மலையேறிய அனுபவம்? பூஜ்ஜியம்! 1910 ஏப்ரலில் அவர்களில் 2 பேர் ஒரு பை டோனட், பிளாஸ்கில் சூடான சாக்லேட், கூடவே 14 அடி மரக் கம்பம் ஒன்று... இவற்றோடு வடக்கு உச்சியைத் தொட்டார்கள். ஒரே நாளில் 8,000 அடிக்கு மேல் ஏறி இறங்க ஆன நேரம் 18 மணி! ஊரிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்றுதான் கம்பத்தை நட்டார்கள். தெரியவில்லை. ஒருவரும் நம்பவில்லை. தலைவர் வேறு, “4 பேருமே ஏறினோம், 2 உச்சியையும் தொட்டோம்” என்று கூடுதலாக அளந்துவிட்டாரே! 3 வருடம் கழித்து வேறொரு குழு ஏறியபோது பைனாகுலரில் பார்த்தார்கள். கம்பம் அங்கேயே நின்றது!

அந்தக் குழுவும் லேசுப்பட்டதல்ல. தெனாலியின் உண்மையான உச்சி தெற்கே இருக்கிறது. உயரம் 6,190 மீட்டர். 1913-இல் அங்கே முதல் காலடி வைத்தவர் வால்டர் ஹார்ப்பர் என்ற அலாஸ்காப் பழங்குடி இளைஞர். வயது 20!

பனிப்பிளவில் விழாமலிருக்க உடம்பில் மூங்கில் கழிகளைக் கட்டிக்கொண்டு, கடும் குளிர்காலத்தில் தெனாலியில் ஒண்டியாக ஏறினார் ஜப்பானின் நவோமி உவேமுரா. உச்சியைத் தொட்டது 1984 பிப்ரவரி 12. அன்று அவருக்கு 43-வது பிறந்தநாள்! இறங்கும் வழியில் காணாமல் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆங்கரேஜ் பக்கத்தில் டர்னகெய்ன் ஆர்ம் என்ற கடற்கழி. தண்ணீர் வற்றினால் நடக்கலாம்போல் வண்டல் தெரியும். நடந்தால் கால் புதையும், சிமென்ட்டாக இறுகும். அதற்குள் கடல் திரும்பிவிடும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 9 மீட்டர்!

1958 ஜூலை 9. அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடா. நிலநடுக்கத்தில் மலைச்சரிவு இடிந்து கடலில் விழுந்தது. எதிர்ச் சரிவில் 524 மீட்டர் உயரம் வரை மரங்களை வழித்தெடுத்தது தண்ணீர். ஈஃபில் கோபுரமே 330 மீட்டர்தான்! அப்போது விரிகுடாவில் 3 படகுகள் நின்றன. ஒன்றில் அப்பாவும் 7 வயது மகனும். நங்கூரச் சங்கிலி அறுந்தது. பிழைத்துவிட்டார்கள்!

கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற இளைஞர் 1992-இல் அலாஸ்கா காட்டில் தனியே வாழ்ந்து இறந்த பழைய பேருந்தைப் பார்க்கப் போன 2 பேர், 2010-லும் 2019-லும், வழியில் ஆற்றோடு போனார்கள். 2020-இல் ராணுவ ஹெலிகாப்டர் வந்து பேருந்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டது!

கடைசியாக ஒன்று, மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெனாலியில் 14,000 அடிக்குக் கீழே மலம் கழித்தால் டப்பாவில் அடைத்துச் சுமந்து வந்தாக வேண்டும். முன்பெல்லாம் பனிப்பிளவில் எறிந்தார்கள். அது அப்படியே உறைந்து கிடக்கிறது, பனியாறு நகர நகர வெளியே வரும் என்கிறார்கள். எவ்வளவு? 60 டன்னுக்கும் மேல்!