கே. பி. சுந்தராம்பாள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908 - 1980) தமிழ் நாடக, திரைப்பட நடிகையும் பாடகியும் ஆவார். பரவலாக கே. பி. எஸ். என்று அழைக்கப்பட்டார். சிறு வயதில் நாடக மேடை ஏறிய இவர், கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின், ஆண் நடிகர் எவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இவருடைய திரைப்படப் பாத்திரங்கள் அனைத்தும் இவ்வுறுதிக்கு உட்பட்டே அமைந்தன. சென்னை மாகாண சட்ட மேலவையின் உறுப்பினராகவும் இருந்துள்ளார்.

இளமைக் காலம்

சுந்தராம்பாள் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் (இன்றைய ஈரோடு மாவட்டம்) பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். குடும்பம் வறுமையில் வாடியதால் முறையான கல்வி பெறும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. இரயிலில் பாடிக் காசு பெற்றுவந்த சிறுமியின் குரல் வளத்தை, நாடக ஆர்வலரும் இரயில்வே அதிகாரியுமான எஃப். ஜி. நடேசய்யர் கண்டறிந்தார் என்று கூறப்படுகிறது. பின்னர் வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்து சிறுவர் வேடங்களில் நடித்தார். அக்கால நாடக வழக்கில் இவ்வேடங்கள் 'பாலபார்ட்' எனப்பட்டன.

நாடக வாழ்க்கை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடக மேடையில் ஆண்கள் பெண் வேடம் ஏற்பதும் (ஸ்திரீபார்ட்), பெண்கள் ஆண் வேடம் ஏற்பதும் (ராஜபார்ட்) வழக்கில் இருந்தன. சிறுவர்கள் மட்டுமே நடித்த பாய்ஸ் கம்பெனிகள் ஒருபுறமும், கும்பகோணம் பாலாமணி அம்மாள் நடத்தியது போன்ற, பெண்கள் மட்டுமே நடித்த குழுக்கள் மறுபுறமும் இயங்கின. இவற்றுடன் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறையும் பரவியிருந்தது. இம்முறையில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. ஒப்பந்தக்காரர் வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களைத் தனித்தனியே அமர்த்துவார். ஒத்திகை இன்றி மேடையிலேயே அவர்கள் ஒருவரையொருவர் எதிர்கொள்வர். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடமாக இருந்ததால் இது இயன்றது.

ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், இரவு முழுதும் நடக்கும் நாடகத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டியிருந்தது. எனவே உயர்ந்த சுருதியில் சொற்கள் சிதையாமல் பாடும் குரலே நடிகரின் முதன்மைத் தகுதியாகக் கருதப்பட்டது. சுந்தராம்பாளின் குரல் இதற்கு மிகவும் பொருந்தியது. தமிழகத்திலும் இலங்கையிலும் நாடகங்களில் நடித்து இவர் புகழ் பெற்றார்.

கிட்டப்பாவுடன்

செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906 - 1933) அக்காலத்தின் தலைசிறந்த நாடகப் பாடகர்களுள் ஒருவர். 1926 ஆம் ஆண்டு இலங்கையில் இருவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினர். வள்ளி திருமணத்தில் வேலனாகக் கிட்டப்பாவும் வள்ளியாகச் சுந்தராம்பாளும் பாடிய வாதப் பாடல்களைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. 1927 இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். சில ஆண்டுகளில் மனவேறுபாடு ஏற்பட்டு இருவரும் பிரிந்து வாழ நேர்ந்தது.

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா தமது 27 ஆம் வயதில் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெண்ணிற ஆடை மட்டுமே உடுத்தினார். சில காலம் மேடையை விட்டும் விலகியிருந்தார்.

திரைப்பட வாழ்க்கை

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931 இல் வெளிவந்தபின், நாடக நடிகர்கள் பலர் திரைக்கு வந்தனர். சுந்தராம்பாளின் முதல் படம் நந்தனார் (1935). இதில் இவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். நாடக மேடையில் பழகிய முறையாதலால் அவருடைய உறுதிக்கும் இது இடையூறாக இருக்கவில்லை. வேதியராகக் கருநாடக இசைக் கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். இப்படத்திற்காக இவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டது. அந்நாளில் இது எவரும் கேள்விப்படாத தொகையாகும். எனினும் படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. கல்கி ஆனந்த விகடனில் இதனை நையாண்டி செய்து விமர்சனம் எழுதினார்.

அடுத்து மணிமேகலை (1940) படத்தில் துறவறம் பூணும் மணிமேகலையாக நடித்தார். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் இவர் நடித்த படம் எதுவும் வெளிவரவில்லை.

எஸ். எஸ். வாசன் தயாரிப்பில் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் (1953) இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. திருமணத்தை விரும்பாத இளம்பெண் ஒருத்தி, தன் இளமையை நீக்கி முதுமையைத் தருமாறு விநாயகரை வேண்டிப் பெறுகிறாள் என்பது ஔவையைப் பற்றிய வழக்குக் கதை. படத்தில் குழந்தை ஔவையாகச் சச்சுவும், இளம்பெண் ஔவையாகக் குசலகுமாரியும், முதிய ஔவையாகச் சுந்தராம்பாளும் நடித்தனர். இணை நடிகர் தேவைப்படாத, பாடல்களாலேயே நிறையும் இப்பாத்திரம் இவருக்கு முழுதும் பொருந்தியது. தமிழக மக்கள் ஔவையின் உருவத்தை இவர் வழியாகவே மனத்தில் பதித்துக்கொண்டனர் எனலாம்.

மு. கருணாநிதி திரைக்கதை எழுதிய பூம்புகார் (1964) படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாகவும், ஏ. பி. நாகராசனின் திருவிளையாடல் (1965), கந்தன் கருணை (1967) ஆகிய படங்களில் மீண்டும் ஔவையாராகவும் நடித்தார். காரைக்கால் அம்மையார் (1973) படத்தில் முதுமைக் கோலம் ஏற்ற அம்மையாராகத் தோன்றினார்.

அக்காலத் திரையுலகில் கதாநாயகியருக்கு வயது ஏறஏற வாய்ப்புகள் குறைவது வழக்கம். சுந்தராம்பாளுக்கோ பெரும்பாலான படங்கள் ஐம்பத்தைந்து வயதுக்குப் பின்னரே அமைந்தன. காதல் காட்சிகளை விலக்கியதால் வாய்ப்புகள் சுருங்கின. ஆனால் துறவியர், அடியார், புலவர் வேடங்களில் தோற்றத்தைவிடக் குரலே முதன்மை பெற்றதால், முதுமை அவருக்குத் தடையாகவில்லை.

அரசியல்

சுந்தராம்பாள் காங்கிரசுப் பற்றாளர். தேசியப் பாடல்களைப் பாடி இசைத்தட்டுகளாக வெளியிட்டதோடு, 1937 தேர்தலில் காங்கிரசுக்காகப் பரப்புரையும் செய்தார். நாடகக் கலைஞர்களை விடுதலை இயக்கத்தில் ஈடுபடுத்திய எஸ். சத்தியமூர்த்தி இதற்குத் தூண்டுகோலாக இருந்தார். 1951 இல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். இந்தியாவில் சட்டமன்ற அவையில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் இவர் எனக் கருதப்படுகிறார்.

விருதுகள்

* இசைப்பேரறிஞர் விருது, தமிழ் இசைச் சங்கம் (1966)
* சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, துணைவன் (1969). இவ்விருது 1968 ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முறையாக வழங்கப்பட்டபோது பி. சுசீலா பெற்றார், அடுத்த ஆண்டுக்குரியதைச் சுந்தராம்பாள் பெற்றார்.
* பத்மஸ்ரீ (1970)

நடித்த திரைப்படங்கள்

* நந்தனார் (1935)
* மணிமேகலை (1940)
* ஔவையார் (1953)
* பூம்புகார் (1964)
* திருவிளையாடல் (1965)
* மகாகவி காளிதாஸ் (1966)
* கந்தன் கருணை (1967)
* உயிர் மேல் ஆசை (1967)
* துணைவன் (1969)
* சக்தி லீலை (1972)
* காரைக்கால் அம்மையார் (1973)
* திருமலை தெய்வம் (1973)

மறைவு

சுந்தராம்பாள் 1980 ஆம் ஆண்டு காலமானார். கிட்டப்பா மறைந்த பின்னர் 46 ஆண்டுகளுக்கும் மேலாக, தாம் பூண்ட உறுதியினின்று வழுவாமல் வாழ்ந்தார்.