முகத்துக்கு இல்ல... டம்ளருக்கு!

சித்திரை வெயில்ல போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கியிருக்கீங்களா? முதல்ல மண்டையில அடிக்கிறது வெயில். அடுத்தது மூக்குல ஏறுற ஏலக்காய் வாசம்! இடுக்கி மலையில விளையுற ஏலக்காய் கம்ப்யூட்டர் திரையில விலை பேசி கைமாறுற ஊராச்சே... ஏலத்துக்கே ஏலம்! பக்கத்துல தள்ளுவண்டி நிறைய மாம்பழம். கொஞ்சம் தள்ளிப் போனா கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சை. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வி.ஐ.பி. பழம் அது.

இத்தனையையும் பக்கத்துல வச்சுக்கிட்டு நம்ம கேம்பஸ் மக்கள் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? “எந்தப் பழத்தை அடிச்சுக் குடிச்சா கலர் ஆகலாம்?”

எந்தப் பழத்தைக் குடிச்சாலும் ஆக முடியாது பாஸ். உங்க தோலோட நிறம் மெலனின் கையில இருக்கு. அது அப்பா அம்மா கொடுத்த சொத்து, மிக்ஸியில போட்டு மாத்த முடியாது. 1975-ல கடைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’யே 2020-ல பேர்ல இருந்த ‘ஃபேரை’ எடுத்துட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிடுச்சு. நாம மட்டும் இன்னும் ஏன் அங்கேயே நிக்கணும்?

போடி ஏலக்காய்க் கடையில ஒரு கை அள்ளிப் பாருங்க. பச்சைப் பசேல்னு, 8 மில்லிமீட்டருக்கு மேல குண்டா இருக்கிறதுக்குத்தான் மவுசும் விலையும். ஆனா வாசம் இருக்கிறது தோல்ல இல்ல, உள்ளே இருக்கிற விதையில! விதை கறுப்பா, பிசுபிசுன்னு இருந்தா நல்ல சரக்கு. நிறத்துக்கு ஆசைப்படுறவங்களை ஏமாத்த சாயம் ஏத்தின ஏலக்காயும் வருது. அப்படி நிறம் சேர்க்கிறது உணவுச் சட்டப்படி தப்பு. ஈர விரலால தேய்ச்சுப் பாருங்க, பச்சை ஒட்டுச்சுன்னா வேணாம். வெளுத்த ஏலக்காய், வாய் பிளந்த ஏலக்காய்னு மலிவா கிடைக்கிறதே நம்ம டம்ளருக்குப் போதும்.

சரி, கலர் வராதுன்னா பழம் எதுக்கு? தோலை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிற கொலாஜனை உடம்பு தயாரிக்க வைட்டமின் சி கட்டாயம் வேணும். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம்னு ஐ.சி.எம்.ஆர். 2020-ல சொல்லியிருக்கு. 100 கிராம் கொய்யாவுல சுமார் 200 மில்லிகிராம் இருக்கு. அதாவது, ஒரு சின்னக் கொய்யா முடிச்சுடுற வேலைக்கு நாம மாத்திரை தேடுறோம்! மாம்பழத்துலயும் பப்பாளியிலயும் இருக்கிற பீட்டா கரோட்டின் உடம்புக்குள்ள போய் வைட்டமின் ஏ ஆகும். அதுக்காக தினமும் பப்பாளியா தின்னு தீர்த்தா உள்ளங்கை மஞ்சளாகும். பயப்படாதீங்க, நிறுத்தினா போயிடும்.

இப்பதான் வில்லன் என்ட்ரி... ஜூஸ் கடை. அங்கே பழத்தைவிட சர்க்கரையும் ஐஸும்தான் டம்ளரை நிரப்புது. கூடுதலா ஒரு ஸ்கூப் ஐஸ்க்ரீம் வேற. வெளியில இருந்து சேர்க்கிற சர்க்கரை, பிழிஞ்ச ஜூஸ்ல இருக்கிற சர்க்கரை எல்லாம் சேர்த்து நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்கிறது உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது. சுமார் ஆறு டீஸ்பூன். ஒரே டம்ளர்ல அது காலி!

இதுக்கும் பருவுக்கும் சம்பந்தம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல 15 முதல் 25 வயசுக்குள்ள இருக்கிற 43 பசங்களை வச்சு 12 வாரம் ஒரு ஆய்வு பண்ணினாங்க. 2007-ல வெளியாச்சு. ரத்தத்துல சர்க்கரையை சட்டுனு ஏத்தாத சாப்பாடு சாப்பிட்டவங்களுக்கு சராசரியா 24 பரு குறைஞ்சது. வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவங்களுக்குக் குறைஞ்சது 12 தான். ஆய்வு சின்னதுதான். ஆனா, முகத்துக்கு நல்லதுன்னு நம்பி சர்க்கரைத் தண்ணியைக் குடிக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கலாம்.

ஸ்மூத்திங்கிறது நாமளே அடிச்சு, வடிகட்டாம, சர்க்கரை இல்லாம குடிக்கிறது. நார் உள்ளேயே இருக்கும், வயிறும் நிறையும். காசாலட்டு, கல்லாமை... எந்த மாம்பழம் கிடைச்சாலும் பாதி எடுங்க. ஒரு கப் புளிக்காத தயிர், ஒரே ஒரு ஏலக்காயோட விதை. மூணையும் போட்டு ஒரே அடி! மாம்பழ இனிப்பே தாராளம். ரெண்டாவது ஏலக்காய் போடாதீங்க, கஷாயம் குடிக்கிற மாதிரி ஆயிடும். (என் அனுபவம். ஒரு ஜக்கு வீணாப் போச்சு.) பன்னீர் திராட்சைன்னா உப்புத் தண்ணியில ஊறப்போட்டு நல்லா கழுவி, தோலோட லேசா ஒரு சுத்து மட்டும் விடுங்க. ரொம்ப அரைச்சா கொட்டை உடைஞ்சு கசக்கும். கூட ஒரு துண்டு வெள்ளரிக்காய் போட்டா தாகத்துக்கு சூப்பர். கொய்யாவுல கொட்டைதான் தொல்லை. நடுப்பகுதியை மட்டும் கண் பெரிய வடிகட்டியில தேய்ச்சு எடுத்துக்குங்க.

ஹாஸ்டல்ல மிக்ஸிக்குத் தடாவா? பழுத்த பப்பாளியும் ஒரு மத்தும் போதும். ஆனா பப்பாளியில பால் ஊத்தி வச்சுட்டு க்ளாஸுக்குப் போயிடாதீங்க. பப்பாளியோட என்ஸைம் பாலைக் கசப்பாக்கிடும். ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டு, அடிச்ச உடனே குடிச்சுடணும். பால் சேர்த்தா பரு கூடுதுன்னு தோணுதா? ஒரு மாசம் பாலை விட்டுப் பாருங்க.

‘மாம்பழம் சூடு, முகத்துல கட்டி வரும்’னு பாட்டி மிரட்டுவாங்களே... உதட்டோரம் வர்ற கொப்புளத்துல பலதுக்குக் காரணம் காம்புல வடியுற பால். அது தோலை அரிச்சுடும். பழத்தைத் தண்ணியில ஊறப்போட்டு, காம்புப் பக்கம் நல்லா துடைச்சுட்டு நறுக்கினா பிரச்னை பாதி தீர்ந்தது. பாட்டி காரணத்தை வேற மாதிரி சொன்னாலும் ஊறப்போடச் சொன்னது கரெக்ட்டுதான்!

அப்புறம், அடிச்ச ஸ்மூத்தியில மிச்சத்தை முகத்துல பூசுற பார்ட்டிகளே, ஒரு நிமிஷம்! எலுமிச்சைச் சாறு தோல்ல பட்டு, அதோட வெயில்ல போனா கொப்புளம் வரலாம், கறுப்புத் திட்டு விழலாம். அது மறைய வாரக்கணக்கு, சில பேருக்கு மாசக்கணக்கு ஆகும். ‘கலர் ஆகணும்’னு தேய்ச்சவங்களுக்குக் கிடைக்கிறது அதுக்கு நேர் எதிர். சாறு பிழிஞ்ச கையைக்கூட சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் பைக்ல ஏறணும்.

பைக்னதும் ஞாபகம் வருது, போடிமெட்டு! 17 ஹேர்பின் வளைவு ஏறினா கீழே கொதிச்ச வெயில் மேலே காணாமப் போயிடும். ஜில்லுனு காத்து அடிக்கும். அங்கேதான் ஏமாறுவோம். 1,000 மீட்டர் உயரம் ஏறினா புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். சுடாத வெயிலும் தோலைக் கருக்கும். விடிகாலையில போடியிலிருந்து ஜீப்புல ஏலத்தோட்டத்துக்குப் போற அக்காக்களைப் பாருங்க, தலையில துணியைக் கட்டாம போக மாட்டாங்க. நீங்களும் ஒரு தொப்பியோ துப்பட்டாவோ எடுத்துக்குங்க, கை முழுக்க மூடுற சட்டை போடுங்க. எந்த ஸ்மூத்தியும் குடை பிடிக்காது.

விதையை எடுத்ததும் ஏலக்காய்த் தோலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கழுவி குடிதண்ணிப் பானையில போடுங்க. சாயங்காலம் வரைக்கும் தண்ணி மணக்கும், நீங்களும் ரெண்டு டம்ளர் கூடவே குடிப்பீங்க!