மார்பகப் புற்றுநோயில் செல்லுக்குச் செல் மாறும் ஆர்.என்.ஏ.

மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. அப்படியே புரதமாக மாறுவதில்லை. அதில் இன்ட்ரான் எனப்படும் பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எக்சான் எனப்படும் பகுதிகள் இணைக்கப்படுகின்றன. இதனை ஸ்பிளைசிங் என்பர். இன்ட்ரான்கள் இருப்பதை 1977இல் தனித்தனியே கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

சில எக்சான்கள் விடுபடுவதும் உண்டு. ‘தகரம்’ என்ற சொல்லில் ‘க’வை விட்டால் ‘தரம்’. ‘த’வை விட்டால் ‘கரம்’. அதுபோல ஒரே மரபணு பல புரத வடிவங்களைத் தருகிறது.

மார்பகப் புற்றுநோயில் சிடி44 மரபணு இதற்குச் சான்று. ஈ.எஸ்.ஆர்.பி.1 என்னும் புரதம் மிகுந்த செல்களில் இதன் நீண்ட வடிவம் உருவாகிறது. அப்புரதம் குறையும்போது குறுகிய வடிவம் மேலோங்குகிறது. இம்மாற்றம் செல்கள் பிணைப்பு தளர்ந்து இடம்பெயரும் இயல்பைப் பெறுவதோடு தொடர்புடையது.

கட்டியின் ஒரு துண்டை மொத்தமாக அரைத்து ஆராய்ந்தால் சராசரி மட்டுமே கிடைக்கும். 100 செல்களில் 50 நீண்ட வடிவத்தையும் 50 குறுகிய வடிவத்தையும் மட்டும் கொண்டிருக்கலாம். அல்லது 100 செல்களிலும் இரண்டும் சமமாக இருக்கலாம். மொத்த ஆய்வில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தனிச்செல் ஆர்.என்.ஏ. வரிசையாக்கமே இவற்றைப் பிரித்துக் காட்டும்.

எனினும், பல தனிச்செல் முறைகள் ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையை மட்டுமே படிப்பதால், நடுவில் விடுபட்ட எக்சான் புலப்படாது. ஸ்மார்ட்-செக் போன்ற முழுநீள முறைகள் இதற்கு ஏற்றவை. ஒரு செல்லில் ஆர்.என்.ஏ. மிகக் குறைவு என்பதால், ஒரு வடிவம் அகப்படவில்லை என்றாலே அது இல்லை என முடிவு செய்யவும் கூடாது.

இவ்வேறுபாடு சிகிச்சைக்கும் முக்கியமானது. சராசரியில் மறைந்துபோகும் சில செல்கள் மருந்துக்குத் தப்பிப் பிழைத்தால், நோய் மீண்டும் தலைதூக்க அவையே போதும்.