தீவுக்கொரு துரை – 9: 84 ஓட்டுக் குறைச்சல்

குவாம் தீவின் முன்னாள் கவர்னர் ரிக்கார்டோ போர்டால்யோவின் கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவர் மனைவி மேடலின் பிற்பாடு எந்தெந்தத் தேர்தலில் நின்றார் என்று சரிபார்க்கப் போய், 1998 நவம்பர் 3-ஆம் தேதியில் மாட்டிக்கொண்டேன். மூன்று நாளாக வெளியே வர முடியவில்லை. உதவி ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இரண்டாவது முறை நலம் விசாரிக்கவில்லை.

முன்கதை கேட்பவர்களுக்கு: 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்த குவாம் தீவை முதலில் கடற்படைக் காப்டன்கள் ஆண்டார்கள் (சீட்டியடித்தால் அபராதம் போட்ட கில்மரை மறந்திருக்க மாட்டீர்கள்). பிறகு வாஷிங்டன் நியமித்த கவர்னர்கள். 1970-லிருந்து மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவர்னர்கள். போதும்.

1998-க்கு வருவோம். பதவியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் கார்ல் குட்டியெரெஸ். அவருக்குத் துணை கவர்னர் மேடலின் போர்டால்யோ. எதிரே, ஏற்கெனவே இரண்டு தவணை கவர்னராக இருந்து இறங்கிய குடியரசுக் கட்சிக்காரர் ஜோசப் ஆடா. அவருக்கு ஜோடி ஃபெலிக்ஸ் கமாச்சோ. குவாமில் கவர்னரும் துணை கவர்னரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஒரு குத்து ஜோடிக்கே சேர்த்துத்தான்.

எண்ணி முடித்தபோது குட்டியெரெஸ் ஜோடிக்கு 24,250. ஆடா ஜோடிக்கு 21,200. மூவாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். நம் கண்ணுக்குத் தெளிவான வெற்றி. மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போகவில்லை. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியவர்தான் கவர்னர், யாருக்கும் அது கிடைக்காவிட்டால் பதினான்காம் நாள் மறுபடி தேர்தல் என்கிறது சட்டம். அப்படியானால் பாதி என்பது எதில் பாதி?

கரண்டு பில்லின் பின்பக்கத்தில் நானே கூட்டிப் பார்த்தேன். இரண்டு ஜோடிக்கும் சேர்த்து 45,450. வேறு பெயரைத் தாங்களே எழுதிவிட்டு வந்தவர்கள் 1,294. இரண்டு ஜோடிக்கும் குத்தியவர்கள் 609. கவர்னர் இடத்தில் ஒன்றுமே குத்தாமல் மற்றவற்றை மட்டும் நிரப்பிவிட்டு வந்தவர்கள் 1,313. ஆக மொத்தம் பெட்டியில் விழுந்த சீட்டு 48,666. பாதிக்கு மேல் என்றால் 24,334 வேண்டும். குட்டியெரெஸ் வாங்கியது 24,250. எண்பத்து நாலு குறைகிறது! மொத்தத்தில் 49.83 சதவீதம்.

தேர்தல் ஆணையம் என்ன செய்தது? 1,313 வெற்றுச் சீட்டையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டது. 51.21 சதவீதம் வந்தது. குட்டியெரெஸ் ஜெயித்தார் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: இரண்டு பக்கமும் குத்திய 609 பேரை அது கழிக்கவில்லை. ஒன்றும் சொல்லாதவன் கணக்கில் இல்லை, இரண்டையும் சொன்னவன் கணக்கில் உண்டு.

எனக்கு இந்த 609 பேர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. தவறுதலாகக் குத்தியிருப்பார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் யோசியுங்கள். முப்பது மைல் நீளத் தீவு. ஊருக்கு ஊர் திருவிழா விருந்து. ஆச்சோட்டே விதை போட்டுச் சிவப்பாக்கிய சோற்றை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் ஜனம். வேட்பாளர் ஒருவர் பெரியம்மா பிள்ளை, இன்னொருவர் பெண்டாட்டி வகையில் மாமன். திரைக்குப் பின்னால் நிற்கிறவன் என்னதான் செய்வான்? ஒருத்தன் இருவருக்கும் குத்துகிறான், இன்னொருத்தன் இருவருக்கும் குத்தாமல் வருகிறான். விருந்தில் இருவர் முகத்திலும் விழிக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் 1,313 பேருக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆடா கோர்ட்டுக்குப் போனார். சட்ட வாசகத்தில் ‘எந்தத் தேர்தலிலும் பதிவான வாக்குகளில்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அன்றைக்கு நடந்தது கவர்னர் தேர்தல் மட்டுமா, சட்டமன்றத்துக்கும் சேர்த்துத்தானே? அப்படியானால் ஓட்டுச்சாவடிக்கு வந்த எல்லோரையும் எண்ணு என்றார். குவாம் மாவட்ட நீதிமன்றம் ஆமாம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமாம் என்றது. ஆனால் இதே வாசகம் கரீபியனில் இருக்கும் வர்ஜின் தீவுகளின் சட்டத்திலும் உண்டு. 1982-இல் அங்கிருந்து வந்த வழக்கில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது. இரண்டு கடலில் இரண்டு தீவு, ஒரே வாசகம், இரண்டு அர்த்தம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனது.

2000 ஜனவரி 19 அன்று தீர்ப்பு. ஒன்பது பேரும் ஒருமனதாக, எழுதியவர் நீதிபதி சூட்டர். ‘எந்தத் தேர்தலிலும்’ என்ற சொல்லைத் தனியே பிய்த்து எடுக்காதே, முன்னும் பின்னும் பார், அங்கே பேச்செல்லாம் கவர்னர் தேர்தலைப் பற்றித்தான் என்றார். மனிதரைப் போலவே சொல்லையும் அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய வேண்டுமாம். பூவோடு சேர்ந்த நார் என்று நாம் ஒரு வரியில் முடித்திருப்போம். வெற்றுச் சீட்டுகள் கழிந்தன. குட்டியெரெஸ் தப்பினார். இந்தக் கணக்கு முடிவதற்குள் அவர் இரண்டாம் தவணையில் ஓராண்டைக் கடத்திவிட்டிருந்தார்.

ஒன்று உறுத்துகிறது. அந்த ஒன்பது நீதிபதிகளையும் நியமித்தவர்கள் அமெரிக்க ஜனாதிபதிகள். குவாம்காரர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான், ஆனால் தீவில் இருந்துகொண்டு ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட முடியாது. இருந்தாலும் 1980-லிருந்து ஜனாதிபதித் தேர்தல் நாளன்று தாங்களும் ஒரு மாதிரி வாக்கெடுப்பு நடத்தி எண்ணிக் கொள்கிறார்கள். ஒரு பயனும் கிடையாது. வரிசையில் நிற்கிறார்கள், குத்துகிறார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

போர்டால்யோவிடம் வந்துவிடுகிறேன். 1970-இல் நடந்த முதல் கவர்னர் தேர்தலில் ஜெயித்தவர் கார்லோஸ் கமாச்சோ. தோற்றவர் ரிக்கார்டோ போர்டால்யோ. 1998-இல் துணை கவர்னர் பதவிக்கு எதிரெதிரே நின்ற ஃபெலிக்ஸ் அந்த கமாச்சோவின் மகன், மேடலின் அந்த போர்டால்யோவின் விதவை. அது மட்டுமா? ஆடா 1986-இல் தோற்கடித்தது இதே போர்டால்யோவைத்தான். 1970-இல் கமாச்சோவுக்கு ஜோடி மோய்லன். 2002-இல் ஃபெலிக்ஸ் கவர்னராக ஜெயித்தபோது அவருக்கு ஜோடி அந்த மோய்லனின் மகன். முப்பது ஆண்டுத் தேர்தலை நாலைந்து வீட்டுத் திண்ணைக்குள் அடக்கிவிடலாம்.

1974-இல் கமாச்சோவை போர்டால்யோ பழிவாங்கினார். 1978-இல் தோற்றார், 1982-இல் மறுபடி வந்தார், 1986-இல் மறுபடி போனார். ஊழல் வழக்கு, பிறகு தண்டனை. இனி இடமில்லை. அடுத்த வாரம் நேரே 1990 ஜனவரி 31-க்குப் போகிறோம்: ஹகாட்னியாவில் கெபுஹா தலைவனின் சிலை, ஒரு சங்கிலி, ஒரு குவாம் கொடி, கலிஃபோர்னியா சிறைக்கு அவர் ஏறாத விமானம்.